இமைக்குள் விட்ட மரம்

முதலில் துரோகம் செய்தவர் வைத்தியநாத ஆசாரி. அவர் மகன் தில்லைநாயகம் அதற்கு அடுத்துதான் வருகிறான். இந்த வரிசை மாறிவிடக் கூடாது என்பதில் இருசப்பன் கறாராக இருந்தார். செத்துப்போனவர் என்பதற்காக ஆசாரியைப் பின்னால் தள்ளிவிட்டால், உயிரோடு நடமாடுகிறவன் முழுப் பழியையும் சுமக்க வேண்டி வரும். அது நியாயமில்லை. அவனவன் பங்கு அவனவனுக்கு. பகலெல்லாம் வெயில் குடித்த சிமென்ட் பெஞ்சு வேட்டியைத் தாண்டித் தொடையைச் சுட்டது. நகர்ந்து உட்கார்ந்தார். நகர்ந்த இடமும் சுட்டது. நகராட்சிப் பூங்காவின் கேட்டை வாட்ச்மேன் இப்போதுதான் திறந்துவிட்டிருந்தான். அதற்குள் பிள்ளைகள் மிருகத்தின் மேல் மொய்த்துவிட்டார்கள். மிருகம் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு பெயர் அதற்குக் கிடையாது. ஆமை முதுகு, ஒட்டகக் கழுத்து, முறம் போல இரண்டு காது, ஏறிப் போக ஏணியாக விலா எலும்பு, புகுந்து ஒளிய வயிறு, வழுக்கிக்கொண்டு இறங்க வால். முழுக்க மரம். பஸ் ஒன்று படுத்துக் கிடப்பது போலப் படுத்து, தலையை முன்னங்கால்மேல் சாய்த்து வைத்திருந்தது. அந்தத் தலையில் கண். இல்லை, கண்ணுக்கு இப்போது வரவேண்டாம். வால் நன்றாகத்தான் வந்திருந்தது. ஒரு பையன் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு தலைகீழாக இறங்கி மணலில் மூக்கைக் குத்தி எழுந்து, மறுபடி ஓடினான். ஒரு சிலாம்பு அவன் தொடையில் ஏறியிருக்காது. ஏறாது. அந்த வால் முழுக்க இருசப்பனின் கன்னம் பட்டிருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு விரலால் தடவிப் பார்த்தால் காய்த்துப்போன விரலுக்கு எதுவும் தெரியாது. கன்னத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அப்படி ஒரு கிழவன் மரத்தோடு கன்னம் வைத்துக் கிடந்ததைப் பார்த்து, மிருகத்தைச் செய்யச் சொன்ன மேடம் போட்டோ எடுத்தாள். சட்டைப் பையில், துணி சுற்றிய சின்ன உளி, மூச்சு இழுக்கும்போதெல்லாம் நெஞ்சில் லேசாக முட்டியது.

ஆசாரி செய்தது கோயிலுக்குக் குதிரை வாகனம் செய்தபோது. அப்போது இருசப்பனுக்கு மீசை அரும்பவில்லை. அவருடைய அப்பா ரம்பக்காரர். பள்ளத்தின் மேல் அடிமரத்தைக் கிடத்தி, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று அறுக்கும் வேலை. கீழே நின்று தூளைத் தின்றவன் இருசப்பன். தூள் தின்ற வாய்க்கு ஆசாரி பட்டறையில் மோர் கிடைத்தது, மோர் குடிக்கப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். குதிரையின் நாலு காலும் அவன் இழைத்தது. குளம்பைப் பார்த்துவிட்டு ஆசாரி, "காலு நடக்குதுடா இருசா. கண்ணு தொறக்கறப்ப நீ பக்கத்துல நில்லு," என்றார். சொன்னார். சொல்லவில்லை என்று அந்த மனுஷனே எழுந்து வந்து சத்தியம் பண்ணினாலும் சொன்னது சொன்னதுதான். வாகனத்துக்குக் கண் கடைசி நாளில்தான். அதுவரை கண் இருக்க வேண்டிய இடம் மூடிய இமை மாதிரி மொழுமொழுவென்று ஒரு புடைப்பாக மட்டும் இருக்கும். உள்ளே கண்ணுக்கு வேண்டிய மரத்தைச் செதுக்காமல் விட்டிருப்பார்கள். கடைசி நாள் சுற்றிலும் திரை கட்டுவார்கள். மூத்த ஆசாரி பட்டினி கிடந்து, குளித்து, உள்ளே போவார். அவரே திறக்கலாம். அல்லது உளியைப் பிடிப்பக்கமாக நீட்டி இன்னொருவனிடம் கொடுக்கலாம். நீட்டினால்தான் உண்டு, தானாக எடுத்துத் திறந்த கண்ணுக்குப் பார்வை இருக்காது என்று பட்டறையில் எல்லோரும் நம்பினார்கள். திறந்ததும் திரையை விலக்கி, எதிரே கன்றோடு ஒரு பசுவை நிறுத்த வேண்டும். புதுக்கண் முதலில் பார்ப்பது நல்லதாக இருக்க வேண்டுமே. அன்றைக்கு இருசப்பனும் பட்டினி கிடந்தான், ஆற்றில் முழுகினான், ஈரத் தலையோடு போய் நின்றான். ஆசாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "டேய், போய் மாட்டப் புடிச்சிக்கினு வா," என்றார். ஓடினான். மாடு வர மாட்டேன் என்றது, கன்று வேறு பக்கம் இழுத்தது. திரும்பி வந்தபோது திரை கட்டியாகிவிட்டது. கட்டின துணியில் ஒரு இடத்தில் இடைவெளி. அதற்குள் ஆசாரியின் கை தெரிந்தது. கையில் உளி. உளியின் பிடி தில்லையின் பக்கம். தன்னைவிட ஒரு மாதம் இளையவன், குளம்புக்கும் குதிகாலுக்கும் வித்தியாசம் தெரியாதவன். அந்த நேரம் பார்த்து மாடு இருசப்பனின் காலில் மூத்திரம் பெய்தது. சூடாக இருந்தது. இப்போதும் பெஞ்சுக்குக் கீழே பாதம் ஒருமுறை தானாக உள்ளே இழுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு எத்தனை வாகனம். ரிஷபம், மயில், ஒரு பெரிய யாளி, மூக்கு உடைந்து வந்த பழைய கருடன். ஒவ்வொன்றிலும் அவருடைய இழைப்பு இருந்தது, ஒவ்வொன்றின் கடைசி நாளிலும் அவர் கையில் மாட்டுக் கயிறு இருந்தது. திரைக்கு வெளியே நின்றபடி, உள்ளே உளியின் தலையில் கொட்டாப்புளி தட்டும் சத்தத்தைக் கேட்டே கண்ணை மனசுக்குள் திறந்து பழகியிருந்தார். இந்த இடத்தில் மெதுவாக, இந்த இடத்தில் விளிம்பை விடாமல், இப்போது ஊது. எனக்கும் உளியைக் கொடுங்கள் என்று கேட்டாரா? கேட்கவில்லை. ஆசாரி வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் கண் என்பது சுவரில் எழுதாத சட்டம். ரம்பக்காரன் மகன் அதைக் கேட்பதற்கு வாய் எங்கே இருக்கிறது. ஆசாரி போய்ச் சேர்ந்த பிறகு தில்லைதான் ஒருநாள் டீக்கடையில், அவனாகவே, யாரும் கேட்காமலே எடுத்தான். "இருசா, கோயில் வேலையில என் கையக் கட்டிப் போட்டிருக்குடா. ஊர்க்காரனும் ஒத்துக்க மாட்டான், எங்க பங்காளிங்களும் ஒத்துக்க மாட்டானுங்க. கோயில் இல்லாத கண்ணு ஒன்னு வரட்டும். அது உன்னுது." டீ ஆறிப்போகும் வரை இருசப்பன் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதுதான் கடன். தில்லையே வாயால் ஏற்றுக்கொண்ட கடன். கல்யாணம், கருமாதி, பொங்கல் என்று எங்கே பார்த்தாலும், "உன் கண்ணு இருக்குடா, மறக்கல," என்பான். சிரித்துக்கொண்டே சொல்வான். அந்தச் சிரிப்பை அப்போது சரியாகப் பார்க்கவில்லை.

வலது கண்ணில் வெயில் பஞ்சாகப் பிரிந்தது. இப்படித்தான் இப்போதெல்லாம், வலது பக்கம் இருக்கிறவர்கள் எல்லாம் பாலுக்குள் நிற்கிறார்கள். இடது கண் இன்னும் கோட்டைப் பிடிக்கிறது, ஆனால் அதன் ஓரத்திலும் ஒரு நூலாம்படை. கண் முகாமில் டாக்டர் பெண், "ரெண்டுக்கும் பண்ணணும் தாத்தா, நாள் கடத்தாதீங்க," என்றாள். இந்த வேலை முடியட்டும் என்று கடத்தினார். ஆபரேஷன் தவறிப்போய் இருக்கிற பார்வையும் போய்விட்டால்? அதற்கு முன்னால் ஒரு கண்ணையாவது திறந்துவிட வேண்டும். ஒன்று போதும். ஒரு இமையின் கீழ்விளிம்பில் உளியை வைத்து, தட்டி, ஊதி, மரத்துக்குள்ளிருந்து ஒன்று தன்னைத் திரும்பிப் பார்க்கிற அந்த ஒரு நொடி. திரைக்கு உள்ளே நின்று பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் கேட்டது. அது பெரிய சொத்தா? பாலுக்குள்ளிருந்து வாட்ச்மேன் வந்து எதிரே நின்றான். "என்னா பெருசு, இன்னும் எழுந்திரிக்கலியா அது?" "போய் உன் கேட்டப் பாருடா," என்றார். "கேட்டு முழிச்சிக்கினுதான் இருக்குது," என்று சிரித்துக்கொண்டு போனான். வரிசையில் அவனுக்கும் ஓர் இடம் உண்டு. கடைசியில்.

தில்லை இந்த வேலையோடு வீட்டுக்கு வந்த நாளை இருசப்பன் தினமும் எடுத்து எடுத்துப் பார்த்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "வந்திருச்சுடா! கோயில் இல்லாத கண்ணு. பார்க்குல பசங்க ஏறி வெளையாட ஒரு மிருகம். சாமி கெடையாது, பூசாரி கெடையாது, பங்காளி எவனும் வாயத் தொறக்க முடியாது. கெளம்பு," என்றான். அப்போது அவன் கையில் என்ன இருந்தது? ஒரு தடவை நினைத்தால் குடை. மடக்கிய கறுப்புக் குடை. இன்னொரு தடவை நினைத்தால் சுருட்டிய காகிதம், ரப்பர் பேண்டு போட்டது. குடை என்றால் அவன் மிருகத்தின் படத்தை இன்னும் பார்க்கவில்லை; தெரியாமல் சொன்னான்; மன்னிக்க முடியாவிட்டாலும் பொறுத்துக்கொள்ளலாம். காகிதம் என்றால் தெரிந்தே சொன்னான். குடையா, காகிதமா. மருமகள் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், வலது கையால் வாங்கினான், இடது கையில் இருந்ததை அக்குளில் இடுக்கிக்கொண்டான். அக்குளில் இடுக்கினால் குடையும் நீளம், காகிதமும் நீளம். மழை பெய்ததா அன்றைக்கு? முற்றம் ஈரமாக இருந்தது. மருமகள் தினமும்தான் முற்றத்தைக் கழுவுகிறாள்.

படம் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் போட்டது. நந்திதா மேடம், பூங்காக்களுக்கு விளையாட்டுச் சாமான் வடிவமைக்கிறவள், பிள்ளைகளை வரையச் சொல்லி அதில் ஒன்றை எடுத்திருந்தாள். அதைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்தார்கள். கிரேயான் மிருகம். முகத்தில் கண்ணுக்குப் பதிலாகக் கீழே வளைந்த இரண்டு கோடு. இருசப்பன் அதை முதல் நாளே பார்த்தார். பார்த்து, மனசுக்குள் மெச்சிக்கொள்ளவும் செய்தார்: பரவாயில்லை, இந்தக் குட்டிக்கு முறை தெரிந்திருக்கிறது, கண்ணைக் கடைசிக்கு விட்டிருக்கிறாள். வாகைப் பலகை, வேங்கைச் சட்டம், வால், வயிறு, காது என்று வேலை ஏறி வந்தது. தலையை மட்டும் தில்லை தானே செய்தான். இமை மூடிய புடைப்பு வழவழவென்று வந்தது. எல்லா வாகனத்துக்கும் அப்படித்தானே இருக்கும். எண்ணெய் ஏற்றினார்கள், இமை மூடித்தான் இருந்தது. லாரியில் ஏற்றிப் பூங்காவில் இறக்கிப் பூட்டினார்கள், மூடித்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் இருசப்பன் அந்தப் புடைப்பைக் கடந்து போகும்போது கை கூசியது, தொடவில்லை. தன்னுடையது, ஆனால் நேரம் வரவில்லை. பழைய உளி ஒன்றைத் தேடி எடுத்து, சாணைக்கல்லில் தீட்டி, முழங்கை மயிரைச் சிரைத்துப் பார்த்தார். தில்லை அதைப் பார்த்தான். "என்னாடா, மாப்பிள்ளைக்குச் சவரமா?" என்று கேட்டான். அப்போதாவது அவன் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்தச் சிரிப்புக்குப் பதிலாக, ஒரே ஒரு வார்த்தை.

திறப்பு விழாவன்று பட்டினி கிடந்தார். குளித்தார். மகன் எடுத்துக் கொடுத்து மடிப்புக் கலையாமல் வைத்திருந்த வேட்டி. ஷாமியானாவுக்குக் கீழே நாற்காலிகள், மைக், பலூன். திரை எதுவும் கட்டவில்லை. சரி, கோயில் இல்லையே. மாட்டைக் காணவில்லை, நல்லது, இனி அந்தக் கயிற்றை எவனாவது பிடிக்கட்டும். ரிப்பன் வெட்டினார்கள், கை தட்டினார்கள், பிள்ளைகளை அவிழ்த்துவிட்டார்கள். கண் திறக்காத மிருகத்தின் மேல் பிள்ளைகள் ஏறினார்கள். இருசப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். தில்லையின் முழங்கையைப் பிடித்து, "எப்ப?" என்றார். "எது எப்ப?" "கண்ணுடா." தில்லை செருப்பைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற மேடம் காதில் விழுந்து, மலர்ந்து சிரித்து, "இல்ல தாத்தா, அது தூங்குது! அந்தப் பொண்ணு தூங்குற மாதிரிதான் வரஞ்சிருக்கா. அதனாலதான் பசங்களுக்குப் பயமே வரல, பாருங்க," என்றாள். நல்ல பெண். அவள்மேல் கோபமில்லை, அவள் வரிசையிலேயே இல்லை. தூங்குது. சுற்றி நின்ற அத்தனை பேருக்கும், பலூன்காரனுக்குக்கூட, முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கிறது. தூங்குது. சுவரில் ஒட்டின காகிதத்தைத் தினமும் பார்த்தும் தெரியாத ஒரே ஆள், வாழ்நாளெல்லாம் மூடிய இமையைத் திறக்கப்போகிற இமையாகவே பார்த்துப் பழகிய ஆள். தெரிந்த இன்னொரு ஆள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். தூங்குகிற மிருகத்தின் கண்ணை இருசப்பனுக்கு எழுதிவைத்திருக்கிறான். பட்டினி வயிற்றில் அந்தச் சொல் கல்லாக விழுந்து, இன்னும் அங்கேயே கிடக்கிறது. தூங்குது.

"இருசா." பெஞ்சின் வலது பக்கம் பாலுக்குள் யாரோ உட்கார்ந்தார்கள். குரலைக் கேட்காமலே தெரியும், மரத்தூளும் மூக்குப்பொடியும் கலந்த வாசனை. விழாவுக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இருசப்பன் திரும்பவில்லை. "டெய்லி இங்கதான் குந்தியிருக்கியாமே. வாட்ச்மேன் சொன்னான்." இருசப்பன் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கலியா? உன் மகன் என்கிட்ட வந்து அழுவுறான்டா. நான் கூட வரேன், வா." "எந்தக் கண்ணப் பத்திப் பேசுற?" என்றார் இருசப்பன். தில்லை பொடி டப்பாவைத் தட்டினான். திறக்கவில்லை. மறுபடி தட்டினான். வாலில் ஐந்தாறு பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக ரயில் கட்டிக்கொண்டு இறங்கி, கடைசிப் பெட்டி கவிழ்ந்து, ஒரே கூச்சல். "நல்லா வந்திருக்குல்ல வால்?" என்றான் தில்லை. "அது எனக்குத் தெரியும். ஒன்னு கேக்கறேன். எங்க வூட்டுக்கு வந்தப்ப உன் கையில இருந்தது கொடையா, காயிதமா?" தட்டல் நின்றது. இந்த ஊர்க் கூச்சலில் ஒரு மனிதன் மூச்சை நிறுத்துவது காதில் விழுமா? விழுந்தது. "காயிதம்," என்றான் தில்லை. "தெரிஞ்சேதான் சொன்ன." "ஆமாண்டா. வேற எப்படிக் கூப்புட்டாலும் நீ வந்திருக்க மாட்ட. அப்பா போனதுலேருந்து ஒவ்வொரு வேலைக்கும் முறுக்கிக்கினுதானே வருவ. நீ இல்லாம எனக்கு மரத்துல கையே ஓட மாட்டேங்குதுடா, என்னா பண்ணச் சொல்ற? நடுவுல சொல்லிடலாம்னு பாத்தேன். நீ உளியத் தீட்டிக்கினு இருந்த. வாய் வரல." இப்படி ஒன்றைச் சொன்னால் எதிராளிக்கு உள்ளே ஏதாவது இளக வேண்டும். இருசப்பன் காத்துப் பார்த்தார். இளகவில்லை. காகிதம். காகிதம் என்றால் தெரிந்தேதான். குடையாக இருந்திருக்கலாம். இத்தனை நாளும் ஒரு குடையை மனசின் மூலையில் சாத்தி வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. அது சரிந்து விழுந்தது.

எழுந்தார். முழங்கால் சொடுக்கியது. மணலைத் தாண்டி மிருகத்தின் தலைப்பக்கம் போனார். வால் பக்கத்துக் கூச்சல் இங்கே இல்லை. பிள்ளைகள் இங்கே வந்ததும் குரலை விழுங்கி, கால் கட்டைவிரலை ஊன்றி நடந்தார்கள். இமையின் மேல் காதை ஒட்டிவைத்து நின்ற ஒரு சின்னப் பெண் அவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். "எழுப்பிடாதீங்க. எழுப்புனா நீங்க அவுட்டு." "யாரு சொன்னது?" "அதுதான் ரூல்சு." எவனும் எழுதிப் போடாத சட்டம், இங்கேயும். அவள் வால் பக்கம் ஓடிப்போனாள். இருசப்பன் முதல்முறையாக அந்த இமையைத் தொட்டார். விரல் போதாது. குனிந்து கன்னத்தை வைத்தார். பகல் சூடு. வழவழப்பு. கன்னத்தை மெதுவாகக் கீழே இறக்கினார், நின்றார், மறுபடி மேலே ஏற்றினார். நடுவில் புடைப்பு அதிகம். வெறுமனே தூங்குகிற இமைக்கு இவ்வளவு மரம் வேண்டாம். பாவைக்கு வேண்டியது, வெள்ளைக்கு வேண்டியது, கீழ்விளிம்புக்கு உளி இறங்க வேண்டிய கனம், எல்லாம் உள்ளே விட்டிருந்தது. கண்ணுக்கான மரத்தை விட்டிருக்கிறான். பழக்கத்தில் கை விட்டதா? எனக்கென்று விட்டானா? துணியை உருவி உளியை எடுத்தார். இடது கண் கோட்டைப் பிடித்தது. இப்போதே, இந்த வெளிச்சம் போவதற்குள், கீழ்விளிம்பில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு. சுற்றிலும் ஒருவரும் பார்க்கவில்லை. வைத்தார். உளியின் நுனி மரத்தில் உட்கார்ந்தது. கை இறங்கவில்லை. தானாக எடுத்துத் திறந்தால் அது பார்க்காது. தன்னைப் பார்க்காத ஒரு கண்ணைத் திறந்து என்ன ஆகப்போகிறது. அதோடு, கொடுக்காமலே கணக்குத் தீர்ந்துபோய், அந்த பெஞ்சில் இருக்கிறவன் நிம்மதியாகப் பொடி போடுவான்.

திரும்பி நடந்தார். விளக்குக் கம்பங்கள் மினுக்கி மினுக்கி எரிய ஆரம்பித்தன, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு பஞ்சு. தில்லையின் முன்னால் வந்து நின்று, உளியைப் பிடிப்பக்கமாக நீட்டினார். தில்லை அதைப் பார்த்தான். அவனுக்குப் புரியாமல் இருக்க வாய்ப்பில்லை. உலகத்தில் அது புரிகிற ஆள் அவன் ஒருவன்தான். வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, பிடியைத் திருப்பி நீட்டினால் போதும். திறக்கக்கூட வேண்டாம். நீட்டினால் போதும். "உள்ள மரம் விட்டிருக்க," என்றார் இருசப்பன். அவன் கை மடியிலிருந்து எழும்பியது. எழும்பி, பாதி வந்து, பொடி டப்பாவின் மேல் உட்கார்ந்தது. "பசங்க பாக்குதுங்கடா," என்றான். பிள்ளைகளா, அவன் அப்பாவா, யார் பார்க்கிறார்கள் என்று அவன் முகத்தில் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் இந்த வெளிச்சத்தில் தெரியாது. வாட்ச்மேன் விசில் ஊதினான். பிள்ளைகள் வயிற்றிலிருந்தும் விலாவிலிருந்தும் உதிர்ந்து கேட்டைப் பார்த்து ஓடினார்கள். "வா, இருட்டுது. படி தெரியாது உனக்கு," என்று தில்லை எழுந்து இருசப்பனின் முழங்கையைப் பிடித்தான். அவர் உதறினார். உளியைத் துணியில் சுற்றி, நெஞ்சில் படும்படி பைக்குள் வைத்தார். "நீ போ." "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" "நாளைக்கும் இங்கதான் இருப்பேன். வரணும்னா வா." தில்லை கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான், வாசனை அவனுக்குப் பின்னால் போயிற்று. கேட்டுச் சங்கிலி குலுங்கியது. "பெருசு, வரியா, உள்ள வச்சிப் பூட்டவா?" என்று வாட்ச்மேன் கத்தினான். இருசப்பன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வலது கண்ணின் பாலுக்குள்ளும் இடது கண்ணின் நூலாம்படைக்குள்ளும், தலையை முன்னங்கால்மேல் வைத்து, தீராத பாக்கி அங்கேயே படுத்திருந்தது, கண்ணை மூடிக்கொண்டு.